அக்கா மகளுக்கு எந்தக் கிண்டில்?

வணக்கம் மேடம்,

உங்கள் தளத்தைச் சில வருடங்களாகப் படித்து வருகிறேன். இப்போதுதான் முதல்முறையாக எழுதுகிறேன், அதுவும் இலக்கியச் சந்தேகம் இல்லை, கடைச் சந்தேகம். என் அக்கா மகள் பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதி முடித்திருக்கிறாள். தாய்மாமன் என்ற முறையில் உருப்படியாக ஏதாவது வாங்கிக் கொடுக்க நினைத்து, அமேசானின் மின்னூல் வாசிப்புக் கருவியான கிண்டில் என்று முடிவு செய்தேன். நிறையப் படிப்பாள், ஆனால் எல்லாம் போனில்தான். இணையத் தொடர்கதைகள், மங்கா என்கிற ஜப்பானியப் படக்கதைகள், எப்போதாவது ஓர் ஆங்கில நாவல். தமிழ் சரளமாக வாசிப்பாள், தானாக எடுப்பதில்லை. அக்கா "இன்னொரு ஸ்கிரீனா?" என்கிறாள். அத்தான் "டேப்லெட்டா வாங்கிடு, பாடத்துக்கும் ஆகும்" என்கிறார். சாதாரண மாடலா, பேப்பர்வைட்டா, கலர் வந்திருக்கிறதே அதுவா என்று நான் குழம்பிக் கிடக்கிறேன். ஓர் இறக்குமதி விற்பனையாளரிடம் கோபோ என்கிற வேறு நிறுவனத்தின் மின்னூல் கருவியும் பார்த்தேன்.

இன்னொரு ஆசை. கொடுப்பதற்கு முன்னால் என் அமேசான் கணக்கிலேயே இணைத்து, நல்ல தமிழ்ப் புத்தகங்கள் நூறு ஏற்றிக் கொடுத்தால் அவள் தமிழ்ப் பக்கம் வருவாள் என்று தோன்றுகிறது. அந்த நூறுக்கு ஒரு பட்டியல் தர முடியுமா?

அன்புடன்,
ம., திருச்சி

*

அன்புள்ள ம.,

பட்டியல் தர மாட்டேன். காரணம் கீழே வரும். முதலில் கடை வேலையை முடித்துவிடலாம், அது நீங்கள் நினைக்கிற அளவுக்குச் சிக்கல் இல்லை.

டேப்லெட் வேண்டாம். பாடத்துக்கும் ஆகும் என்று அத்தான் சொல்வது உண்மைதான், அதனாலேயேதான் வேண்டாம் என்கிறேன். பாடத்துக்கும் ஆகும், யூடியூபுக்கும் ஆகும், இன்ஸ்டாகிராமுக்கும் ஆகும், கடைசியில் பார்த்தால் கையில் ஏற்கெனவே இருக்கிற போனையே கொஞ்சம் பெரிதாக வாங்கிக் கொடுத்திருப்பீர்கள். கிண்டில் மாதிரிக் கருவிகளிடம் எனக்குப் பிடித்ததே அவற்றால் வேறு ஒன்றும் செய்ய முடியாது என்பதுதான். உள்ளே பிரவுசர் என்று ஒன்று இருக்கிறது, திறந்து ஒரு பக்கம் வருவதற்குள் பொறுமை போய்விடும். அத்தானிடம் இன்னொன்றையும் முன்கூட்டியே சொல்லி வைத்துவிடுங்கள்: பிளஸ் ஒன் பாடநூல் பிடிஎஃப் இதில் சரிப்படாது. பெரிய தாளுக்குக் கலர் படங்களோடு வடிவமைத்த பக்கத்தைக் கையகலத் திரையில் கறுப்பு வெள்ளையில் திறந்தால் எழுத்து பொடிப்பொடியாகத் தெரியும், பெரிதாக்கினால் ஒவ்வொரு வரிக்கும் இடமும் வலமும் நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். இதைச் சொல்லாமல் விட்டால் கொடுத்த வாரமே அது நீட் தேர்வுக் கருவியாகிவிடும், அப்புறம் உங்கள் மருமகள் உங்களோடு பேச மாட்டாள்.

அக்காவின் கேள்வி நியாயமானது. அவருக்கு வாயால் விளக்குவதைவிட யாரிடமாவது இருக்கிற கிண்டிலை ஒருமுறை வாங்கிக் காட்டுவது நல்லது. தூங்கிக்கொண்டிருக்கும் கிண்டிலின் திரையில் ஒரு படம் நிற்கும். புதிதாகப் பார்க்கிற பலர் அதைக் கடையில் ஒட்டிக் கொடுத்த ஸ்டிக்கர் என்று நினைத்து நகத்தால் சுரண்டிப் பார்ப்பார்கள். இ-இங்க் என்கிற இந்தத் திரைக்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்குமிழ்கள் லட்சக்கணக்கில் இருக்கின்றன, ஒவ்வொன்றுக்குள்ளும் வெள்ளைத் துகள், கறுப்புத் துகள், இரண்டுக்கும் எதிரெதிர் மின்னேற்றம். மின்புலத்தை மாற்றினால் ஒன்று மேலே வரும், மற்றது கீழே போகும். மேலே வந்தது அங்கேயே நிற்கும், அதற்கு மின்சாரம் வேண்டாம். பக்கம் திருப்பும்போது மட்டும்தான் திரை கரண்ட் இழுக்கிறது, அதனால்தான் ஒரு முறை சார்ஜ் செய்தால் வாரக்கணக்கில் வருகிறது. விளக்கும் போனில் இருப்பதுபோலப் பின்னாலிருந்து கண்ணை நோக்கி அடிப்பதில்லை, ஓரத்திலிருந்து திரையின் மேல் படர்கிறது. வெயிலில் போன் மங்கும், இது இன்னும் தெளிவாகத் தெரியும். கண்ணுக்கு ரொம்ப நல்லது என்றெல்லாம் விளம்பரக்காரர் மாதிரி நான் சொல்ல மாட்டேன், ராத்திரி இரண்டு மணி வரை எதை வைத்துப் படித்தாலும் கண் எரியத்தான் செய்யும். ஆனால் படித்துக்கொண்டிருக்கும்போது மேலேயிருந்து ஒரு மெசேஜ் இறங்காது. அக்காவுக்கு இது போதும் என்று நினைக்கிறேன்.

உங்கள் மருமகளுக்கும் ஒரு எச்சரிக்கை வேண்டும். போன் வேகத்துக்குப் பழகின விரலுக்கு இது மந்தமாகத் தெரியும். பக்கம் மாறும்போது சில சமயம் திரை ஒரு கணம் கறுத்து வெளுக்கும், கீபோர்டில் தட்டிய எழுத்து ஒரு மூச்சு தாமதித்துத்தான் வரும். "மாமா, இது ஹேங் ஆகுது" என்று முதல் நாளே போன் வரலாம். ஆகவில்லை, அது அப்படித்தான். அவள் படிக்கிற இணையத் தொடர்கதைகளும் இதில் வராது, அதற்குப் போன்தான். போன் வாசிப்பை ஒழிக்க இதை வாங்குகிறோம் என்று யாரும் வீட்டில் பேசாமல் இருந்தால் நல்லது.

மாடல். நாவல் மட்டும்தான் என்றால் 6 அங்குலச் சாதாரண கிண்டிலே போதும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லியிருப்பேன். எழுத்தின் துல்லியம் அதிலும் பேப்பர்வைட்டிலும் ஒன்றுதான், அங்குலத்துக்கு 300 புள்ளி. ஆனால் மங்கா படிக்கிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், அங்கேதான் கணக்கு மாறுகிறது. மங்காவில் எழுத்தைப் பெரிதாக்க முடியாது, படத்தோடு ஒட்டியிருக்கும், 6 அங்குலத்தில் பேச்சுக் குமிழியைக் கண்ணைச் சுருக்கிப் படிக்க வேண்டும். 2024-இல் வந்த பேப்பர்வைட் 7 அங்குலம். அந்த ஓர் அங்குலம் நாவலுக்குச் சொகுசு, மங்காவுக்குத் தேவை. கூடவே இரவில் விளக்கை மஞ்சளாக்கிக்கொள்ளலாம், தண்ணீர் பட்டாலும் கெடாது. நம் நாட்டில் 2025-இல் வந்தபோது 17,000 ரூபாயை ஒட்டி விற்றார்கள், சிறிய தொகை இல்லை, தள்ளுபடிக் காலத்துக்குக் காத்திருக்க முடிந்தால் காத்திருங்கள். 16 ஜிபிக்கு மேல் இடம் வாங்கப் பணம் செலவழிக்காதீர்கள். மங்காத் தொகுதி ஒன்றே 100 எம்பியைத் தாண்டுவதுண்டு, ஆனாலும் படித்து முடித்ததை நீக்கிவிட்டு வேண்டும்போது திரும்ப இறக்கிக்கொள்ளலாம்.

கலர் வேண்டாம். மங்கா பெரும்பாலும் கறுப்பு வெள்ளைதான், கலர் இ-இங்க்கில் வண்ணத்தின் துல்லியம் 300 இல்லை, 150 புள்ளிதான், அதுவும் வெளுத்த நாளிதழ் வண்ணம். போன் திரையைப் பார்த்து வளர்ந்த பிள்ளை "இதுதான் கலரா?" என்று கேட்கும். கோபோ நல்ல கருவி, இபப் என்கிற மின்னூல் கோப்பை அப்படியே நகலெடுத்துப் போட்டால் திறக்கும், எனக்கு அதன்மேல் தனிப்பட்ட பிரியம்கூட உண்டு. ஆனால் இறக்குமதிக்காரரிடம் வாங்கி, வாரண்டிக் காலத்தில் திரை போனால் திருச்சியில் யாரிடம் போய் நிற்பீர்கள்? பரிசுக்கு அது வேண்டாம்.

சரி, இப்போது உங்கள் ஆசைக்கு வருகிறேன். எந்த மாடல் என்பதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது எந்தக் கணக்கு என்பதுதான். உங்கள் கணக்கில் இணைத்துக் கொடுக்கவே கொடுக்காதீர்கள்.

கருவி அவள் கைக்குப் போனதும் நீங்கள் இதுவரை வாங்கிய புத்தகமெல்லாம் அவள் நூலகத்தில் வரிசையாக வந்து நிற்கும், பங்குச் சந்தை, சர்க்கரை நோய்க்கு உணவுமுறை, எல்லாம். அவள் இறக்கும் மாதிரிப் பக்கங்கள் உங்கள் போனில் இருக்கிற கிண்டில் செயலியில் வந்து நிற்கும். இருவரும் ஒரே நூலைத் திறந்தால், இன்னொரு கருவியில் இவ்வளவு தூரம் படித்திருக்கிறது, அங்கே போகவா என்று கேட்கும், அவள் எதுவரை படித்தாள், எந்த வரியை அடிக்கோடிட்டாள் என்பது உங்களுக்குத் தெரியும். நீங்கள் பார்க்க மாட்டீர்கள், நல்ல மனிதர், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மாமா பார்க்கக்கூடும் என்று தெரிந்தாலே பதினைந்து வயதுப் பெண் எதைத் தேடுவாள், எதைத் தேடாமல் விடுவாள்? காதலைப் பற்றி, உடம்பைப் பற்றி, சாமி உண்டா இல்லையா என்பதைப் பற்றி, வீட்டில் கேட்க முடியாத எதையும் அந்தக் கருவியில் தேட மாட்டாள், திரும்பவும் போனுக்குத்தான் போவாள். நாங்களெல்லாம் வாடகை நூலகத்தில் எடுத்ததைப் பாடப் புத்தகத்துக்குள் வைத்துப் படித்தவர்கள். என்ன படித்தோம் என்று மாமாவுக்கு ரசீது போனதில்லை.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு, பலருக்கு வாங்கிய பிறகுதான் தெரிகிறது. ஒரு கணக்கில் வாங்கிய கிண்டில் புத்தகத்தை இன்னொரு கணக்குக்கு மாற்ற முடியாது. இரண்டு வருடம் கழித்து அவள் கல்லூரிக்குப் போய்த் தனிக் கணக்கு தொடங்கினால் அதுவரை சேர்த்ததெல்லாம் உங்களிடமே நின்றுவிடும். வாங்கியதைக் கணினியில் இறக்கி, அதே கணக்கில் இருக்கிற கருவிக்கு யூஎஸ்பி வழியாக ஏற்றிக்கொள்ள முன்பு ஒரு வழி இருந்தது, 2025 பிப்ரவரியில் அதையும் எடுத்துவிட்டார்கள். பணம் கொடுத்தாலும் நமக்குக் கிடைப்பது படிக்கிற அனுமதிதான். 2009 ஜூலையில், விற்றவருக்கு உரிமை இல்லை என்று தெரிந்ததும், இரண்டு நாவல்களை வாங்கியவர்களின் கிண்டிலிலிருந்தே அமேசான் அழித்தது. பள்ளிக்காக அதில் ஒன்றைப் படித்துக் குறிப்பெடுத்து வைத்திருந்த அமெரிக்கப் பையன் ஒருவனுக்குப் பக்கம் போனதும் குறிப்புகளும் பயனில்லாமல் போயின, வழக்குப் போட்டான், அமேசான் பணம் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது. அவனுக்கும் அப்போது உங்கள் மருமகள் மாதிரிப் பள்ளி வயதுதான்.

அதனால் இப்படிச் செய்யுங்கள். புது மின்னஞ்சல் ஒன்று, அவள் பெயரில். பதினெட்டு ஆகாததால் பெரியவர் துணையோடுதான் கணக்கு வைக்க வேண்டும், அக்கா உடனிருந்து தொடங்கிக் கொடுக்கட்டும், ஆனால் வீட்டுக்குப் பருப்பும் பக்கெட்டும் வாங்குகிற கணக்கு வேண்டாம். உங்கள் கார்டையும் அதில் போட்டு வைக்க வேண்டாம், கடையில் ஒரே தட்டில் புத்தகம் வாங்கிவிட முடியும், பிள்ளையை வீணாகச் சோதிக்காதீர்கள். மாதம் இவ்வளவு என்று அவளோடு பேசி வைத்துக்கொள்ளுங்கள், எந்தப் புத்தகம் என்பது அவள் பாடு. பெட்டியைப் பிரித்து, மொழி தேர்ந்தெடுத்து, வைஃபை போடுவதைக்கூட அவளே செய்யட்டும், பரிசில் பாதிச் சந்தோஷம் அந்த அரை மணி நேரத்தில்தான் இருக்கிறது. நீங்கள் முன்னாலேயே பிரித்து, இணைத்து, நூறு புத்தகம் ஏற்றிக் கொடுத்தால் அவள் கைக்கு வருவது மாமாவின் பழைய கிண்டில்.

நூறு புத்தகம் ஏன் வேண்டாம் என்பதற்கும் இதுதான் பதில். திறந்தவுடன் நூறு அட்டைகள் வரிசையாக நின்றால் அது பாடத்திட்டம். அவள் மரியாதைக்கு ஒன்றைத் திறந்து மூன்று சதவீதத்தில் விட்டுவிடுவாள், அந்த மூன்று சதவீதமும் அட்டை ஓரத்திலேயே நின்றுகொண்டிருக்கும்.

தமிழுக்கு வழி இல்லாமல் இல்லை. 2016 டிசம்பரிலிருந்து கிண்டில் கடையில் தமிழ் இருக்கிறது, எழுத்தும் ஒழுங்காகத் தெரிகிறது. இலவசமாக வேண்டுமென்றால் தமிழ் இலக்கியங்களை மின்னூலாக்கி இணையத்தில் தருகிற, 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் இருக்கிறது, தன்னார்வலர்கள் நடத்தும் ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் தளம் இருக்கிறது. ஒவ்வொரு கிண்டிலுக்கும் சொந்தமாக ஒரு மின்னஞ்சல் முகவரி உண்டு, கணக்கின் அமைப்பில் அனுமதித்த முகவரியிலிருந்து இபப் கோப்பை அதற்கு அனுப்பினால் சற்று நேரத்தில் நூலகத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும். பிடிஎஃப் அனுப்பாதீர்கள், முக்கியமாகப் பழைய தமிழ்ப் பிடிஎஃப். ஸ்கேன் செய்ததென்றால் பெரிதாக்க முடியாது. யூனிகோடு என்கிற பொதுக் குறியீட்டு முறைக்கு முந்தைய எழுத்துருவில் தட்டச்சியது என்றால் மாற்றும்போது தமிழ் போய் ஏதோ குறியும் கோடுமாக வந்து நிற்கும். இந்த முகவரி விஷயத்தை அவளுக்கு ஒருமுறை செய்து காட்டுங்கள், அத்தோடு விட்டுவிடுங்கள். மங்கா படிக்கிற பெண் தமிழில் எதற்கு வருவாள் என்று உங்களாலும் சொல்ல முடியாது, என்னாலும் முடியாது. பேய்க்கதைக்கு வரலாம், குடும்ப நாவலுக்கு வரலாம், வந்தால் "இதையெல்லாமா படிக்கிறாய்" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். நீங்களே படித்து அசந்துபோன ஒரே ஒரு தமிழ்ப் புத்தகம் இருந்தால், அதை அச்சில் வாங்கி, ஏன் பிடித்தது என்று முதல் பக்கத்தில் நாலு வரி எழுதிக் கிண்டிலோடு சேர்த்துக் கொடுங்கள், அதை நான் தடுக்க மாட்டேன்.

கையோடு ஒரு கவரும் வாங்குங்கள், கட்டாயம். இந்தத் திரைக்கு அடியில் மெல்லிய கண்ணாடி இருக்கிறது, ஸ்கூல் பையில் டிபன் பாக்ஸுக்கும் ஜியாமெட்ரி பாக்ஸுக்கும் நடுவில் மாட்டினால் வெளியே ஒரு கீறலும் தெரியாமல் உள்ளே உடைந்திருக்கும், திறந்தால் பாதித் திரையில் எழுத்து, பாதியில் கோடு. மாற்றுவதற்குப் புதிதே வாங்கலாம் என்கிற அளவுக்குச் செலவாகும். பில்லை நீங்களே பத்திரமாக வைத்திருங்கள்.

கடைசியாக ஒன்று. ரிசல்ட் வருவதற்கு முன்னாலேயே கொடுத்துவிடுங்கள். வந்த பிறகு கொடுத்தால் அது மார்க்குக்கான பரிசாகிவிடும், அப்புறம் பிளஸ் ஒன்னில் மார்க் குறையும்போது பிடுங்கி பீரோவில் வைத்துப் பூட்டவும் அந்த வீட்டில் ஆள் இருக்கிறார் என்று உங்கள் கடிதத்திலிருந்தே தெரிகிறது.

அன்புடன்