வண்ணத்தில் பார்த்த கடிதக் காதல் படம், வாங்கினால் கறுப்பு வெள்ளையில் வருகிறதே?

நீங்கள் தேடுவது 1949-இல் வந்த ‘இன் த குட் ஓல்ட் சம்மர்டைம்’. ஜூடி கார்லண்ட் நடித்த வண்ணப்படம். உங்கள் கையில் இருப்பது எர்ன்ஸ்ட் லூபிட்ச் 1940-இல் எடுத்த ‘த ஷாப் அரவுண்ட் த கார்னர்’.

இரண்டும் மிக்லோஷ் லாஸ்லோவின் ஒரே நாடகத்திலிருந்து பிறந்தவை. ஒரே கடையில் வேலை பார்க்கும் இருவர்; நேரில் சண்டை, யாரென்று தெரியாமல் கடிதத்தில் காதல். அதனால்தான் இந்தக் குழப்பம்.

கடையில் என்ன விற்றார்கள் என்று யோசித்துப் பாருங்கள். இசைக்கருவி என்றால் சிகாகோவில் நடக்கும் 1949 படம். அதில் நகைச்சுவை நடிகர் பஸ்டர் கீட்டன் விழுந்து வயலினை நொறுக்குவார். தோல்பை என்றால் புடாபெஸ்டில் நடக்கும், ஜேம்ஸ் ஸ்டூவர்ட் நடித்த 1940 படம்.

நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம், பழைய படங்களுக்குப் பின்னாளில் வண்ணம் ஏற்றியதும் உண்டு. அப்புறம், கையில் இருப்பதைத் திருப்பி அனுப்பாதீர்கள். காலித் தபால் பெட்டிக்குள் அதன் நாயகி மார்கரெட் சல்லவனின் கை துழாவும் அந்த ஒரு காட்சிக்காகவே, இரண்டில் அதுதான் மேல் என்பேன்.