சேஞ்ச் கியருக்குக் கட்டரை நாமே செய்யலாமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: என் சிறிய லேத்தில் (கடைசல் இயந்திரத்தில்), வெட்டும் திரெட்டுக்கு ஏற்ப மாற்றிப் பொருத்தும் சேஞ்ச் கியர் ஒன்றின் இரண்டு பற்கள் உடைந்துவிட்டன. ஒரே ஒரு கியருக்காகப் பல் வெட்டும் கட்டர் வாங்க மனம் வரவில்லை. கையால் தீட்டிய கட்டரில் வெட்டினால் திரெட் பிட்ச் (மரைகளுக்கு இடையிலான தூரம்) தவறிப்போகுமா?

போகாது. டூலை நகர்த்தும் லீட் ஸ்க்ரூ எவ்வளவு சுற்ற வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது பற்களின் எண்ணிக்கைதான். பல்லின் வளைவு கொஞ்சம் பிசகினால் சத்தம் வரும், தேய்மானம் கூடும், பிட்ச் மாறாது. பற்களுக்கு இடையிலான பிரிப்பில் பிழை இருந்தால்தான் அது திரெட்டில் தெரியும். ஆகவே கவலையை, வேலைப்பொருளைச் சம பாகங்களாகத் திருப்பித் தரும் டிவைடிங் ஹெட் பக்கம் திருப்புங்கள்.

ஒரு கியருக்கு, ஒற்றை டூல் பிட்டைச் சுழற்றி வெட்டும் ஃப்ளை கட்டர் போதும். உடைந்த கியரில் நல்ல பற்கள் மீதி இருக்கின்றனவே, அவற்றுக்கு நடுவில் இருக்கும் பள்ளம்தான் உங்கள் அளவுகோல். எச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீடு ஸ்டீல்) டூல் பிட்டைச் சாணை பிடித்து, அந்தப் பள்ளத்தில் வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பாருங்கள். இரு பக்கமும் ஒளிக்கீற்று தெரியாத வரை ஆயில் ஸ்டோனில் தேயுங்கள். வெட்டும் முகம் தட்டையாக, கட்டரின் மையத்தை நோக்கி இருக்கட்டும். அங்கே சரிவு (ரேக் கோணம்) கொடுத்தால் நீங்கள் பாடுபட்டுத் தீட்டிய வடிவம் வெட்டில் மாறிவிடும். 40 மி.மீ. வட்டத்தில் சுழலும் பிட்டுக்கு மைல்டு ஸ்டீலில் நிமிடத்துக்கு 160 சுற்று அளவில் ஓட்டுங்கள். வெட்டுவது ஒற்றைப் பல் என்பதால் ஃபீட் மெதுவாகத்தான் இருக்க வேண்டும்.

கேள்வி: பழைய கியர் மாட்யூலா, டி.பி.யா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

இரண்டும் பல்லின் பருமனைக் காட்டும் அளவுகள்: மாட்யூல் மெட்ரிக், டி.பி. (டயாமெட்ரல் பிட்ச்) அங்குலம். பற்களை எண்ணி 2 கூட்டுங்கள். மி.மீ.யில் வெளிவிட்டத்தை அந்த எண்ணால் வகுத்தால் மாட்யூல். 40 பல் கியர் 42 மி.மீ. இருந்தால் 1 மாட்யூல், 44.45 மி.மீ. இருந்தால் 24 டி.பி. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும், சேர்த்து ஓட்டக்கூடாது. பிரஷர் ஆங்கிளையும், அதாவது பல்லின் பக்கம் சாய்ந்திருக்கும் கோணத்தையும், பாருங்கள். பழைய அங்குல லேத்துகள் பலவற்றில் அது 14.5 டிகிரி, இன்றைய சிறிய மெட்ரிக் லேத்துகளில் பெரும்பாலும் 20.

கேள்வி: இரண்டு வட்டப் பட்டன்களை வைத்துக் கட்டரைக் கடையும் முறையைப் பற்றிக் கேள்விப்பட்டேன். பட்டன் அளவை எப்படிக் கணக்கிடுவது?

எனக்கு மிகப் பிடித்த முறை இது. கியர் பல்லின் பக்கவாட்டு வளைவு இன்வல்யூட், அதாவது வட்டத்தில் சுற்றிய நூலைப் பிரிக்கும்போது அதன் நுனி வரையும் கோடு. சிறிய பல்லில் அந்த வளைவை ஒரு வட்டத்தின் துண்டாகவே எடுத்துக்கொள்ளலாம், வித்தியாசம் மிகச் சிறியது. கியர் பல் வெளிப்புறம் புடைத்திருப்பதால் கட்டரின் பக்கம் உள்வாங்கி இருக்க வேண்டும். ஒரு ஹோல்டரில் அருகருகே பொருத்திய இரண்டு கடினமான வட்டத் தகடுகள் அதைக் கடைந்து தரும்.

பட்டன் விட்டம்: மாட்யூல், பற்களின் எண்ணிக்கை, பிரஷர் ஆங்கிளின் சைன் மூன்றையும் பெருக்குங்கள். பட்டன்களின் மையங்களுக்கு இடையிலான தூரம்: மாட்யூல் × பற்கள் × பிரஷர் ஆங்கிளின் கொசைன், அதை மறுபடி ஒரு சைனால் பெருக்க வேண்டும். அந்தச் சைனுக்கான கோணம், பிரஷர் ஆங்கிளோடு 90-ஐப் பற்களால் வகுத்துக் கூட்டியது.

1 மாட்யூல், 20 டிகிரிக்கு 35 பல் என்று போட்டால் பட்டன் 11.97 மி.மீ., மைய தூரம் 12.62 மி.மீ. வரும். 35-ஐ எடுத்ததற்குக் காரணம் உண்டு. கடையில் கிடைக்கும் எட்டுக் கட்டர் செட்டில் 35 முதல் 54 பல் வரை ஒரே கட்டர்தான். ஒவ்வொரு கட்டரும் அதன் வரம்பில் உள்ள மிகக் குறைந்த எண்ணிக்கைக்கே வடிவமைக்கப்படும். அப்போதுதான் கூடுதல் பற்கள் உள்ள கியரும் சிக்காமல் ஓடும். நீங்களும் அப்படியே செய்யுங்கள். மாட்யூல் செட்டில் இது 6-ஆம் எண். டி.பி. செட்டில் எண் வரிசை தலைகீழ் என்பதால் எண்ணை நம்பாமல் பற்களின் வரம்பைப் படியுங்கள்.

பட்டன்களைச் சில்வர் ஸ்டீலில் (கடினமாக்கக்கூடிய டூல் ஸ்டீலில்) செய்து கடினமாக்குங்கள். ஹோல்டரை 5 டிகிரி சரித்துப் பொருத்தினால் பட்டனின் அடிப்பக்கம் உரசாது. எவ்வளவு ஆழம் செலுத்துவது? கட்டரின் நுனியிலிருந்து 1.25 மி.மீ. உள்ளே அகலம் 1.57 மி.மீ. வந்ததும் நிறுத்திவிடலாம்.

கேள்வி: அப்படிக் கடைந்து நான்கு பல் போட்ட என் கட்டர் வெட்டவில்லை, உரசிச் சூடாகிறது.

கட்டரில் ரிலீஃப் இல்லை, அதாவது வெட்டு விளிம்புக்குப் பின்னால் பல் தாழவில்லை. வட்டமாகக் கடைந்துவிட்டு அப்படியே பள்ளம் போட்டால், பல்லின் முதுகும் வெட்டு விளிம்பும் ஒரே உயரத்தில் நிற்கும். கடையும்போதே கட்டரை மையம் விலக்கிய ஒரு பின்னில் மாட்டுங்கள். 40 மி.மீ. கட்டருக்கு 2 மி.மீ. விலகல் போதும்; இதில் 5 முதல் 6 டிகிரி வரை சரிவு கிடைக்கும். பின்னில் கட்டரைக் கால் கால் சுற்றாகத் திருப்பி, நான்கு இடத்திலும் டயலின் ஒரே எண் வரை கடையுங்கள். விளிம்பு உயர்ந்த பக்கமும் முதுகு தாழ்ந்த பக்கமும் வரும்படி பள்ளங்களை வெட்டுங்கள். சரிவு பின்னோக்கிச் சீராகப் போவதால், மழுங்கினால் முன்முகத்தை மட்டும் சாணை பிடித்தால் போதும், வடிவம் அப்படியே இருக்கும்.

கடினமாக்க, சில்வர் ஸ்டீலைச் செர்ரிப்பழச் சிவப்பு வரை, அதாவது 780 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடேற்றித் தண்ணீரில் முக்குங்கள். பிறகு வைக்கோல் நிறம் வரும் வரை மிதமாகச் சூடாக்கி டெம்பர் செய்யுங்கள். டெம்பர் செய்யாத கட்டர் முதல் பல்லிலேயே சிதறலாம். கண்ணாடி அணியாமல் ஓட்டாதீர்கள்.

கேள்வி: எல்லா எண்ணிக்கைக்கும் ஒரே கட்டர் செய்ய வழி இல்லையா?

இருக்கிறது. ரேக் (நேரான பல்சட்டம்) வடிவக் கட்டர். 1 மாட்யூலுக்கு 3.1416 மி.மீ. இடைவெளியில், 40 டிகிரி உட்கோணத்தில் நேர்ப்பக்கமுள்ள வளையங்களைக் கடைந்தால் போதும், வளைவே வேண்டாம். நடு வளையம் பள்ளம் போட, பக்கத்து வளையங்கள் அடுத்த பற்களைச் செதுக்கும். ஒரு சுற்று முடிந்ததும் கியராக மாறும் வட்டத் தகடான பிளாங்கைக் கால் பல் திருப்பி, கட்டரையும் அதே பக்கம் 0.785 மி.மீ. நகர்த்தி மறுபடி வெட்டினால் பல் இன்னும் உருண்டு வரும். நேரம் பிடிக்கும். 17 பல்லுக்குக் கீழே போனால் பல்லின் அடி அரிக்கப்பட்டு மெலியும்.

கேள்வி: அங்குல லேத்தில் மெட்ரிக் திரெட் வெட்ட 127 பல் கியர் வேண்டும். என் டிவைடிங் ஹெட்டில் 127 வராது.

127 பகா எண், சாதாரண பிளேட்டில் (டிவைடிங் ஹெட்டின் துளைத் தட்டில்) வராது. 400 மி.மீ. தட்டில் காகிதப் பட்டையைச் சுற்றி 127 கோடு போட்டுப் பிரிக்கலாம். கோட்டில் 0.3 மி.மீ. பிழை இருந்தாலும் 1 மாட்யூல் கியரில் அது 0.1-க்குள் சுருங்கிவிடும். ஆனால் நான் 63 பல் கியரைத்தான் சொல்வேன். 127/100 என்ற விகிதத்துக்குப் பதில் 80/63 போட்டால் ஒரு மீட்டர் நீளத்தில் வித்தியாசம் 0.125 மி.மீ.தான். போல்ட், நட்டுக்கு அது ஒரு பொருட்டே அல்ல. கைப்பிடியை 40 முறை சுற்றினால் வேலைப்பொருள் ஒரு சுற்று திரும்பும் 40-க்கு 1 ஹெட்டில் 63 பல்லுக்கு ஒவ்வொரு தடவையும் 40/63 சுற்று என்பதால், 63 துளை வட்டம் உள்ள பிளேட் கையில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

கேள்வி: வெட்டிய பற்கள் ஒரு பக்கம் சாய்ந்து நிற்கின்றன.

கட்டர் பிளாங்கின் மையத்தில் இல்லை. ஒரு பள்ளம் வெட்டியதும் பிளாங்கைக் கழற்றி, முன்பின்னாகத் திருப்பி மாட்டிக் கட்டரை அதே பள்ளத்தில் கையால் விட்டுப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் உரசினால், கட்டரை மையத்துக்கு நகர்த்திவிட்டுப் புது பிளாங்கில் தொடங்குங்கள்.