பித்தநாளம், நரம்பு, ஓரம் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அப்பாவுக்கு வயது 61. கல்லீரல் வாசலில், அதாவது பித்தநாளம் கல்லீரலை விட்டு வெளிவரும் இடத்தில், பித்தநாளப் புற்றுநோய் என்று, வலது பக்கக் கல்லீரலோடு சேர்த்து எடுத்து ஐந்து வாரம் ஆகிறது. ரிப்போர்ட்டில் ‘ஓரங்கள் சுத்தம்’ என்று போட்டிருக்கிறார்கள். அதற்குக் கீழேயே ‘பெரிநியூரல் இன்வேஷன்: உள்ளது’ என்றும் இருக்கிறது. புற்று நரம்பைச் சுற்றிப் பரவியிருக்கிறது என்று அர்த்தமாம். நரம்பில் ஏறிவிட்டால் மூளைக்குப் போய்விடும் என்று இணையத்தில் படித்தேன். அப்படியென்றால் கீமோ கொடுத்து அவரை வதைப்பானேன்? கீழாநெல்லிச் சாறு கொடுத்து வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாமா? முன்னாடியே ஸ்கேன் எடுத்திருந்தால் இப்படி ஆகியிருக்காதோ என்று தூக்கமே இல்லை.

செந்தில்

அன்புள்ள செந்தில்,

இந்த நரம்பு வழியாக மூளைக்குப் போகாது. நீங்கள் படித்தது முகத்துத் தோல், உமிழ்நீர்ச் சுரப்பிப் புற்றுகளைப் பற்றியதாக இருக்கும். முகத்து நரம்புகள் மண்டையோட்டுக்குள் நுழைபவை, அங்கே அந்த ஆபத்து உண்டு. உங்கள் அப்பாவுக்கு இருப்பவை வயிற்றின் தன்னியக்க நரம்புகள். பெருந்தமனிக்கு முன்னால் உள்ள சீலியாக் நரம்புப் பின்னலிலிருந்து கிளம்பி, கல்லீரல் தமனியையும் போர்ட்டல் சிரையையும் சுற்றிக்கொண்டு கல்லீரலுக்குள் போகின்றன. புற்று அவற்றைப் பிடித்துக்கொண்டு மேலே கல்லீரல் பக்கமும் போகும், கீழே சீலியாக் பக்கமும் இறங்கும்.

கீழாநெல்லியை விடுங்கள். காமாலைக்கென்று அதைக் கொடுப்பார்கள், ஆனால் இந்தப் புற்றில் காமாலை வருவது நாளம் அடைபட்டு, எந்தச் சாறும் அதைத் திறக்காது. ஸ்கேன் விஷயத்தையும் விடுங்கள். இந்த இடத்துப் புற்று பெரும்பாலும் வலியே இல்லாமல் காமாலையாகத்தான் முதலில் தலைகாட்டும். சிறிதாக இருக்கும்போதே நரம்பைத் தொட்டுவிடவும் கூடும்.

‘வதைப்பானேன்’ என்று எழுதினீர்களே, அதற்குத்தான் கோபம் வருகிறது. அப்பாவிடம் கேட்டீர்களா? நீங்கள் பயப்படுகிற கீமோ, பெரும்பாலும் கேப்சிடாபின் மாத்திரைதான். காலையும் இரவும் சாப்பிட்டபின், 14 நாள் போட்டு 7 நாள் விட வேண்டும். அப்படி 8 சுற்று. உள்ளங்கை, உள்ளங்கால் சிவந்து உரியலாம், வயிற்றுப்போக்கு வரலாம். அப்போது அளவைக் குறைப்பார்கள். பிரிட்டனின் பில்கேப் ஆய்வு 2019இல் வெளியானதிலிருந்து அறுவைக்குப் பின் வழக்கமாகத் தருவது இதைத்தான். நரம்பில் புற்று இருப்பது மறுபடி வரும் வாய்ப்பைக் கூட்டுகிறது. அதனால் மாத்திரைக்கான காரணம் கூடுகிறதே தவிரக் குறையவில்லை.

நீங்கள் நிம்மதியோடு கடந்துபோன வரிதான் என்னை உறுத்துகிறது. ‘ஓரங்கள் சுத்தம்.’ வெட்டியெடுத்த விளிம்பில் புற்று இல்லை என்று பொருள். எந்த ஓரம்?

நாளத்துக்கு இரண்டு வெட்டுமுனைகள் உண்டு, மேலே ஒன்று, கீழே ஒன்று. அறுவை நடக்கும்போதே, திசுவை உறையவைத்துச் சீவி உடனே பார்க்கும் ஃப்ரோசன் செக்‌ஷனுக்குப் போவது அவைதான். அடைப்பைத் திறக்க ஸ்டென்ட் என்ற குழாய் வைத்து வீங்கிய நாளமாக இருந்தால் அதைப் படிப்பதே சிரமம், அழற்சியில் மாறிய செல்லும் புற்றுபோலவே தெரியும். ஆனால் நரம்பு நாளத்தின் நீளவாக்கில் மட்டுமா ஓடுகிறது? பக்கவாட்டில் தமனியை நோக்கியும் போகிறது. வலது கல்லீரல் தமனி பெரும்பாலானவர்களுக்கு நாளத்துக்குப் பின்னால், சில மில்லிமீட்டர் தள்ளித்தான் கடக்கிறது. அறுவை மருத்துவர் நாளத்தை எங்கே பிரித்தெடுத்தாரோ, அந்தச் சுற்றுப்பரப்பும் ஓரம்தான். இரு முனையும் சுத்தமாக இருந்து இந்தப் பரப்பில் புற்று மிச்சமிருந்தால் அது ஆர்0 (புற்று மிச்சமில்லை) அல்ல, ஆர்1 (நுண்ணோக்கியில் தெரியும் அளவுக்கு மிச்சமிருக்கிறது).

இதைப் பார்க்க வேண்டுமானால், ஃபார்மலினில் போட்ட திசுவை வெட்டுவதற்கு முன்பே சுற்றுப்பரப்பில் மை பூச வேண்டும். தமனிப் பக்கம் ஒரு நிறம், போர்ட்டல் சிரைப் பக்கம் இன்னொன்று. பிறகு நாளத்துக்குக் குறுக்காக 3 முதல் 5 மி.மீ. தடிமனில் துண்டு போட வேண்டும். அவசரத்தில் நாளத்தை நீளவாக்கில் கத்தரியால் திறந்துவிட்டு அப்புறம் மை பூசினால் மை உள்ளேயும் வழிந்துவிடும். பிறகு எது ஓரம் என்று யாராலும் சொல்ல முடியாது. ரிப்போர்ட்டில் ‘சுற்று ஓரம்: இத்தனை மி.மீ.’ என்ற வரி இல்லையென்றால், பார்த்தார்களா என்று கேட்டே ஆக வேண்டும். சில இடங்களில் 1 மி.மீ.க்குள் புற்று இருந்தாலே ஆர்1 என்பார்கள், சில இடங்களில் மையைத் தொட்டால்தான். எந்தக் கணக்கு என்றும் கேளுங்கள்.

ஸ்லைடில் ஒரு நரம்பைச் சுற்றிப் புற்று இருக்கும், அடுத்தது சுத்தமாக இருக்கும், அதற்கடுத்ததில் மறுபடி இருக்கும். தாவிப் போகிறது என்று நினைக்கத் தோன்றும். புடவை ஓரத்தில் போடும் ஓட்டுத்தையல் மேலே விட்டுவிட்டுத் தெரிந்தாலும் நூல் ஒன்றுதானே. தொடர்ச்சியாகச் சீவிப் பார்த்தால் இதுவும் பெரும்பாலும் அப்படித்தான். நரம்புறைக்குள் நிணநீர்க் குழாய் இருக்கிறது, அதன் வழியாக ஓடுகிறது என்று ஒரு காலத்தில் நம்பினார்கள். 1960களில் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தபோது அங்கே அப்படி எதுவும் இல்லை. நரம்பு, என்.ஜி.எஃப். என்ற வளர்ச்சிக் காரணியைச் சுரக்கிறது. அதற்கான ஏற்பி புற்றுச் செல்லில் இருக்கிறது. நரம்புக்கு உறை போடும் ஷ்வான் செல்களும் தங்கள் வேலையை விட்டுவிட்டுப் புற்றுச் செல்லைக் கூட்டிக்கொண்டு போகின்றன. இரண்டு தரப்பும் சேர்ந்து நடத்துவது இது.

நாளத்திலிருந்து மூன்றே துண்டு எடுத்துப் பார்த்து ‘நரம்பில் இல்லை’ என்று எழுதுகிற ரிப்போர்ட்டை நான் நம்புவதில்லை. வாசல் பகுதிப் புற்றுகளில் பெரும்பாலானவற்றில் அது இருக்கும். உங்கள் பத்தாலஜிஸ்ட் தேடியிருக்கிறார், நல்லதுதான்.

இந்த வாரமே அந்த ஆய்வகத்துக்குப் போங்கள். திசுவை மெழுகில் பதித்து வைத்த பிளாக்குகள் பத்திரமாக இருக்கும். சுற்று ஓரத்தில் மை பூசினார்களா, நரம்பில் உள்ள புற்று மையிலிருந்து எத்தனை மி.மீ. தள்ளியிருக்கிறது என்று எழுத்தில் கேளுங்கள். சந்தேகம் என்றால் அதே பிளாக்கை ஆழமாகச் சீவி, நரம்புக்கு எஸ்-100, புற்றுக்கு சி.கே.7 சாயம் போட்டுப் பார்க்கச் சொல்லலாம். பதில் ஆர்1 என்று வந்தால் மாத்திரையோடு கதிர்வீச்சும் சேர்க்கலாமா என்ற கேள்வி எழும். அதைப் புற்றுநோய் மருத்துவரிடம், அப்பாவையும் பக்கத்தில் உட்காரவைத்துப் பேசுங்கள்.

இன்னொன்று. மேல்வயிற்றிலிருந்து முதுகுக்குத் துளைத்துக்கொண்டு போகிற வலி என்றைக்காவது வந்தால், பல்லைக் கடித்துக்கொண்டிருக்கச் சொல்லாதீர்கள். எண்டோஸ்கோப் அல்ட்ராசவுண்ட் வழியாக சீலியாக் பின்னலில் ஆல்கஹால் செலுத்தி அந்த வலியைத் தணிக்க முடியும். மார்ஃபின் அளவு ஏறிக்கொண்டே போகும்வரை காத்திருக்காமல் முதலிலேயே கேளுங்கள்.