எல்லையா, ஒற்றைப் பாதையா?

கேள்வி: நாகூரில் வீடு, காரைக்காலில் வேலை. சென்னையில் மட்டும் பத்து நிமிடத்துக்கு ஒரு மின்சார ரயில் விடுகிறார்கள். தஞ்சாவூர்–காரைக்கால் தடத்தில் அப்படி விடாததற்கு நடுவில் வரும் புதுச்சேரி எல்லைதானே காரணம்?
— ஒரு வாசகர், நாகூர்

பதில்: இல்லை. நாகூருக்கும் காரைக்காலுக்கும் நடுவே எல்லையில் இருக்கும் வாஞ்சூர் செக்போஸ்ட் பஸ்ஸை நிறுத்தும், ரயிலை நிறுத்தாது. பஸ்ஸுக்குத்தான் இரண்டு அரசுகளும் ஒப்பந்தம் போட்டு பெர்மிட் தர வேண்டும். ரயில்வே மத்திய அரசின் கையில் இருக்கிறது. அதற்கு எந்த மாநிலத்தின் பெர்மிட்டும் தேவையில்லை. (பையில் காரைக்கால் பாட்டிலோடு திரும்புகிறவர்களுக்கு மட்டும் எல்லை உறைக்கும். அது வேறு சமாச்சாரம்.) 1898இல் பேரளத்திலிருந்து காரைக்காலுக்கு மீட்டர்கேஜ் ரயில் விட்டபோது இந்தப் பக்கம் ஆங்கிலேயர் ஆட்சி, அந்தப் பக்கம் பிரெஞ்சுக்காரர் ஆட்சி. அப்போதே ஓடியிருக்கிறது.

நீங்கள் காட்டும் சென்னையையே எடுத்துக்கொள்வோம். வடக்கே போகும் மின்சார ரயில்களில் சில, ஆரம்பாக்கம் தாண்டி தடாவில் ஆந்திராவுக்குள் நுழைந்து சூலூர்பேட்டை வரை போகின்றன. ஆனால் பெரும்பாலானவை கும்மிடிப்பூண்டியோடு திரும்பிவிடும். கும்மிடிப்பூண்டி தமிழ்நாட்டில்தான் இருக்கிறது! அதற்கு வடக்கே லோக்கலுக்கென்று தனிப்பாதை கிடையாது. டெல்லி, கொல்கத்தா எக்ஸ்பிரஸ்களும் சரக்கு வண்டிகளும் ஓடும் அதே பாதையில் இடம் கேட்டு நிற்க வேண்டும்.

அங்கே இரட்டைப் பாதைக்கே அந்தக் கதி. தஞ்சாவூர், திருவாரூர், நாகை வழியாகக் காரைக்கால் போகும் நம் தடம் ஒற்றைப் பாதை. இரண்டு ஸ்டேஷன்களுக்கு நடுவே ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான் இருக்கலாம். எதிர்வண்டி கிராசிங் ஸ்டேஷனில் காத்துக் கிடக்க வேண்டும். பத்து கிலோமீட்டர் இடைவெளி என்றால் பயணிகள் வண்டிக்கு 12 நிமிடம், லைன் கிளியர் (அடுத்த ஸ்டேஷன் வரை பாதை காலி என்ற அனுமதி) வாங்கி பாயிண்ட் (தண்டவாளம் பிரியும் இடம்) மாற்ற இன்னும் மூன்று நான்கு நிமிடம் என்று வையுங்கள். போக ஒன்று, வர ஒன்று விட்டாலே அரை மணி தீர்ந்துவிடும். பத்து நிமிடத்துக்கு ஒரு ரயில் எங்கிருந்து வரும்?

இதற்கு நடுவில் காரைக்கால் துறைமுகத்து நிலக்கரி வண்டி. 58 வேகன், ஒரு பிரேக் வேன், இன்ஜின் எல்லாம் சேர்ந்தால் 640 மீட்டருக்கு மேல். ஸ்டேஷனில் ஒரு வண்டி ஒதுங்கி இன்னொன்றுக்கு வழிவிடும் பக்கப் பாதைக்கு லூப் லைன் என்று பெயர். ரயில்வேயின் வழக்கமான லூப் லைன் நீளமே 686 மீட்டர்தான். லூப் இந்த வண்டியைவிடக் குட்டையாக இருக்கும் ஸ்டேஷனில் அதை ஒதுக்கி நிறுத்த முடியாது; அது கடக்கும் வரை உங்கள் வண்டிதான் முந்தைய ஸ்டேஷனில் நிற்கும். சுமையோடு ஒருமுறை நின்றுவிட்டால் அது வேகம் பிடிக்கவும் நேரமாகும்.

சென்னை மின்சார ரயிலை அப்படியே இங்கே கொண்டுவந்தாலும் சின்ன ஹால்ட்டுகளில் ஏற முடியாது. அதன் வாசலில் படி கிடையாது. தண்டவாளத்திலிருந்து 76 முதல் 84 சென்டிமீட்டர் உயரத்தில் பிளாட்பாரம் வேண்டும். ஆகவே நீங்கள் கேட்க வேண்டியது மெமு, அதாவது நகரத்துக்கு வெளியே மெயின் லைனில் ஓடும் மின்சார ரயில். வாசலில் படி இருக்கும், கழிவறை இருக்கும். இரண்டு முனையிலும் ஓட்டுநர் அறை இருப்பதால் காரைக்காலில் இன்ஜினைக் கழற்றி மறுமுனையில் மாட்டும் வேலை மிச்சம். மேலே மின்கம்பியும் ஏற்கெனவே வந்துவிட்டது.

மனு போடுகிறவர்கள் "கூடுதல் ரயில் வேண்டும்" என்று ஒற்றை வரியில் எழுதாதீர்கள். அது கோப்புக்குள் போய்த் தூங்கிவிடும். காலை எத்தனை மணிக்குக் காரைக்கால் சேர வேண்டும், எந்த ஸ்டேஷனில் எந்த வண்டியோடு கிராசிங் வைக்கலாம், எந்த லூப்பை நீட்ட வேண்டும் என்று எழுதித் திருச்சி கோட்ட மேலாளருக்கு அனுப்புங்கள். அதுவும் புதிய கால அட்டவணை தயாராவதற்கு முன்னால். அச்சான பிறகு அனுப்பினால் அடுத்த அட்டவணைதான். இரண்டு அரசுகளிடமும் கேட்க வேண்டியவை வேறு: லெவல் கிராசிங்குக்கு மேம்பாலம், ஸ்டேஷன் வாசல் வரை பஸ்.

அதுவரை இருக்கிற வண்டிக்கு சீசன் டிக்கெட் எடுத்துக்கொள்ளுங்கள். 150 கிலோமீட்டர் வரை தருவார்கள். கட்டணம் தூரத்தைப் பொறுத்தது, மாநிலத்தைப் பொறுத்ததல்ல. மூன்று மாதத்துக்குச் சேர்த்து எடுத்தால் மாதக் கட்டணத்தைப் போல 2.7 மடங்குதான் வரும். முன்பதிவுப் பெட்டியில் ஏறினால் மட்டும் அது செல்லாது.