உள்ளுணர்வை எப்போது நம்பலாம்? மும்பைத் தமிழர் கேள்விகளுக்குப் பதில்

மாட்டுங்கா: சார், "மனசுக்குப் பட்டுச்சு"ன்னு சொல்றோமே, அதுக்கு அறிவியல்ல இடம் இருக்கா?

இருக்கிறது. 1997-ல் பெச்சாரா, டமாசியோ என்ற மூளை ஆய்வாளர்களின் குழுவினர் நான்கு சீட்டுக்கட்டுகளை வைத்துச் சோதித்தார்கள். இரண்டு கட்டுகளில் சீட்டுக்கு 100 டாலர் வரவு, நடுநடுவே பெரிய அபராதம். மற்ற இரண்டில் 50 டாலர்தான், ஆனால் கடைசியில் லாபம். சுமார் 10 சீட்டு தாண்டியதுமே, கெட்ட கட்டை எடுக்கப் போகும்போது கையில் வியர்வை கூடியதைக் கருவி காட்டியது. "இந்தக் கட்டு சரியில்லை" என்று வாய்விட்டுச் சொல்ல 50 சீட்டு வரை ஆனது. 2004-ல் மாயா, மெக்லெலண்ட் என்ற ஆய்வாளர்கள் கேள்விகளை நுணுக்கிக் கேட்டபோது, ஆட்களுக்கு முன்கூட்டியே விவரம் புரிந்திருந்தது தெரிந்தது. ஆகவே, உடம்புதான் முந்துகிறதா என்ற வழக்கு தீரவில்லை.

முலுண்ட்: அண்ணே, ஷேர் மார்க்கெட்ல பதினஞ்சு வருஷம். எது ஏறும்னு உள்ளுக்குள்ள தோணும். நம்பலாமா?

வருஷக் கணக்கு மட்டும் போதாது. உள்ளுணர்வைச் சந்தேகித்த உளவியலாளர் கானமனும், அனுபவசாலிகளின் உள்ளுணர்வை மதித்த உளவியலாளர் க்ளைனும் 2009-ல் சேர்ந்து எழுதியபோது இரண்டு நிபந்தனைகளில் ஒத்துப்போனார்கள்: துறையில் நிலையான ஒழுங்கு இருக்க வேண்டும்; செய்தது சரியா தப்பா என்று சீக்கிரம் தெரிந்து பழகியிருக்க வேண்டும். சதுரங்கத்திலும் தீயணைப்பிலும் இவை உண்டு. தனி ஷேரின் போக்கைக் கணிப்பதில் அந்த ஒழுங்கே கிடையாது. அங்கே மனசு எவ்வளவு அடித்துச் சொன்னாலும் அது ஆதாரம் ஆகாது.

சந்தேகம் இருந்தால் நோட்டு போடுங்கள். வாங்கும் முன்பே தேதி, ஷேர், "மூன்று மாதத்தில் நிஃப்டி குறியீட்டை விட அதிகம் ஏறும்" என்ற கணிப்பு, எத்தனை சதவீதம் நிச்சயம் என்பதை எழுதுங்கள். 50 பதிவு சேர்ந்ததும், 70 சதவீதம் என்று எழுதியவற்றில் பத்துக்கு ஏழு பலித்ததா பாருங்கள். ஐந்துதான் என்றால் காசு சுண்டிப் பார்த்திருக்கலாம். பலரும் தவறுவது கெடு வைக்காமல் "ஏறும்" என்று எழுதுவதில்தான். என்றைக்காவது ஏறத்தானே செய்யும்.

தாராவி: ஊர்ல இருக்கிற அம்மாவ நினைச்சா உடனே போன் வருதே?

நினைத்தும் வராத தடவைகளையும் ஒரு மாதம் குறித்து வையுங்கள். அவர் வழக்கமாகக் கூப்பிடும் நேரத்தையும் பாருங்கள்.

செம்பூர்: ராமானுஜனுக்கு நாமகிரித் தாயார் கனவுல சொன்னதா சொல்றாங்களே, சார்?

அவரே அப்படிச் சொல்லியிருக்கிறார். அந்த பக்தியை அளக்கும் கருவி அறிவியலிடம் இல்லை. கார் என்ற ஆங்கிலேயர் தொகுத்த சுமார் 5000 கணித முடிவுகளைப் பள்ளி வயதிலேயே கரைத்துக் குடித்தவர், சிலேட்டில் எழுதி முழங்கையால் அழித்துக் கணக்குப் போட்டவர் என்பது தெரியும். புதிய சூத்திரம் அந்த மனதில் எப்படி உதித்தது என்பதற்கு இன்றுவரை விளக்கம் இல்லை. ஆனால் சரிபார்க்கும் வழி இருக்கிறது. பகா எண்களைப் பற்றி 1913-ல் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்கு அதே உறுதியோடு எழுதியவற்றில் சில தவறாகின. நிரூபிக்க முயன்றபோதுதான் அது வெளியே வந்தது.