பிரசவ அறைக்குள் அம்மாவா, சித்தியா?

சித்தியையே கூட்டிக்கொண்டு போங்கள். மன்னார்குடி பக்கம் டூலா (பிரசவத்தின்போது உடனிருந்து தாயைத் தேற்றப் பயிற்சி பெற்ற துணைப்பெண்) யாரும் கிடைக்கவில்லை, அம்மாவோ வலியைப் பார்த்தாலே அழுதுவிடுவார் என்று எழுதியிருக்கிறீர்கள். அரசு மருத்துவமனையில் பிரசவத் துணையாக ஒரு பெண்ணை உடன் வைத்துக்கொள்ளலாம் என்று மத்திய அரசு 2016-லேயே அனுமதித்துவிட்டது. அவரும் பிள்ளை பெற்றவராக இருப்பது நல்லது, சித்தி பெற்றவர்தானே.

அம்மா பதறுவதற்குக் காரணம், பெரும்பாலும் கை சும்மா இருப்பதுதான். டூலாவுக்கு வேலை இருக்கும். வலி ஏறும்போது உள்ளங்கையின் அடிப்பகுதியை முதுகுத்தண்டு முடிகிற இடத்துக்குச் சற்று மேலே வைத்து, வலி இறங்கும்வரை அழுத்திப் பிடிப்பார். இறங்கியதும் ஒரு வாய் தண்ணீர். "இந்த வலி முடிஞ்சுதும்மா, மூச்சை விடு" என்று காதருகே ஒரு வார்த்தை. எல்லாவற்றுக்கும் மேலாக, நடுவில் எழுந்து போகமாட்டார்.

இந்த வாரமே சித்தியை அப்படி அழுத்தச் சொல்லிப் பாருங்கள். எங்கே, எவ்வளவு அழுத்தினால் இதமாக இருக்கிறது என்று அவர் கைக்குப் பழகட்டும். "நாங்கல்லாம் பெத்துக்கலையா?" என்ற பேச்சு மட்டும் உள்ளே வேண்டவே வேண்டாம், முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அம்மாவிடம் பை, தாய் சேய் அட்டை, பிக்மி எண் (கர்ப்பத்தைப் பதிவு செய்தபோது கிடைத்த எண்) எல்லாம் ஒப்படையுங்கள்.

அடுத்த செக்கப்பில் பிரசவ வார்டு நர்ஸிடம் அங்குள்ள நடைமுறையைக் கேளுங்கள். சளி, இருமல் இருந்தால் சித்தியை விடமாட்டார்கள். மாற்றாக ஒருவர் இருக்கட்டும். துணைக்கு வருபவர் வைத்தியம் பார்ப்பவர் அல்ல. ரத்தப்போக்கு, கண் மங்கல், குழந்தை அசைவு குறைவது, எது என்றாலும் அந்த நொடியே நர்ஸைக் கூப்பிட வேண்டும்.