பல் தேய்க்கும்போது ரத்தம் வருகிறது: தேய்ப்பதை நிறுத்தலாமா?

கேள்வி: எனக்கு 48 வயது. ஆறு வருடங்களாகச் சர்க்கரை நோயும், மூன்று வருடங்களாக ரத்தக்கொதிப்பும் இருக்கின்றன. மெட்ஃபார்மின், அம்லோடிபின் மாத்திரைகள் சாப்பிடுகிறேன். கடைசியாகப் பார்த்தபோது எச்.பி.ஏ.1.சி. (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு) 8.9 இருந்தது. இரண்டு வருடமாகப் பல் தேய்க்கும்போது ஈறில் ரத்தம் வருகிறது. வலி இல்லை. ரத்தத்துக்குப் பயந்து அந்தப் பக்கத்தை மட்டும் விரலால் தேய்த்துக்கொள்கிறேன். இப்போது கீழ் முன்பற்கள் இரண்டு லேசாக ஆடுகின்றன, வாயும் நாறுகிறது. மருந்துக்கடையில் சொல்லி ஐந்து நாள் மாத்திரை வாங்கிச் சாப்பிட்டேன். நின்றது, பிறகு மறுபடியும் வந்துவிட்டது. பல் மருத்துவரிடம் போய்ச் சுத்தம் செய்துகொள்ளலாம் என்றால் என் அக்கா தடுக்கிறார். அவருக்குச் சுத்தம் செய்த பிறகுதான் பற்கள் ஆடத் தொடங்கினவாம். என் கணவர் பல வருடங்களாகப் புகைபிடிப்பவர். அவருக்கு ஈறில் ஒரு சொட்டு ரத்தம்கூட வந்ததில்லை. எனக்கு மட்டும் ஏன் டாக்டர் இப்படி?
- வாசகி, திண்டுக்கல்

பதில்: முதலில், இன்று இரவே அந்தப் பக்கத்தையும் பிரஷ் வைத்துத் தேயுங்கள் அம்மா. மிருதுவான பிரஷ், குறைந்த அழுத்தம், ஆனால் முழுமையாக. ரத்தம் வரும், வரட்டும். பிரஷ் குத்தியதால் வரும் ரத்தம் இல்லை அது. ஈறு ஏற்கெனவே வீங்கி, அதன் உட்புறத் தோல் புண்பட்டிருப்பதால் லேசாகத் தொட்டாலே கசிகிறது. ஆரோக்கியமான ஈறு தேய்த்தால் ரத்தம் விடாது. ரத்தம் வருகிறதே என்று அந்த இடத்தை நீங்கள் விட்டுவைத்த இரண்டு வருடமும் கிருமிகளுக்குத்தான் லாபமாகப் போயிற்று.

1965-இல் டென்மார்க்கின் ஆர்ஹுஸ் நகரில் ஹரால்ட் லோ என்ற பல் மருத்துவ ஆய்வாளர் ஒரு சோதனை செய்தார். நல்ல ஈறு உள்ள 12 பேரைப் பல் தேய்ப்பதை அடியோடு நிறுத்தச் சொன்னார். பத்து நாளிலிருந்து மூன்று வாரத்துக்குள் அத்தனை பேருக்கும் ஈறு அழற்சி வந்துவிட்டது. மறுபடி ஒழுங்காகத் தேய்க்கத் தொடங்கியதும் ஏறக்குறைய ஒரு வாரத்தில் ஈறுகள் பழைய நிலைக்குத் திரும்பின. ஈறு நோய் சூட்டினால் வருகிறது, ரத்தம் கெட்டதால் வருகிறது என்று இன்றும் பலர் சொல்கிறார்கள். பல்லும் ஈறும் சேரும் இடத்தில் தங்கும் கிருமிப் படலம்தான் காரணம் என்று இவ்வளவு தெளிவாகக் காட்டிய சோதனை வேறில்லை.

அந்தப் படலம் பல் தேய்த்த சில மணி நேரத்திலேயே மறுபடி உருவாகத் தொடங்கும். அகற்றாமல் விட்டால் எச்சிலில் உள்ள கால்சியம் படிந்து சில நாட்களில், சில வாரங்களில் கெட்டியாகிக் காரையாகிவிடும். அதன் பிறகு எந்தப் பிரஷ்ஷாலும் எடுக்க முடியாது. உங்களுக்குக் கீழ் முன்பற்கள் முதலில் ஆடத் தொடங்கியதில் எனக்கு வியப்பில்லை. நாக்குக்கு அடியில் எச்சில் சுரப்பிகளின் வாய்கள் திறக்கும் இடம் அந்தப் பற்களுக்குப் பின்புறம்தான். வாயில் காரை அதிகம் சேரும் இடங்களில் ஒன்று அது. நாக்கு நுனியால் அந்தப் பற்களின் பின்புறத்தைத் தடவிப் பாருங்கள், சொரசொரப்பு தெரியும்.

இந்த நிலை வரை வெறும் ஈறு அழற்சிதான், முழுவதும் சரியாகக்கூடியது. பற்கள் ஆடுகின்றன என்றால் விஷயம் அதைத் தாண்டிவிட்டிருக்க வேண்டும். படலம் ஈறுக்கு அடியில் இறங்கும்போது அதை விரட்ட உடல் எதிர்ப்புச் செல்களை அனுப்புகிறது. போர் நீடித்தால் பல்லை எலும்போடு இணைக்கும் நார்களும் அந்த எலும்புமே கரைகின்றன. எலும்பைப் பெருமளவு அழிப்பது கிருமி இல்லை, நம் உடலின் சொந்த எதிர்வினைதான். ஈறு பல்லைவிட்டு விலகி ஒரு பை போன்ற இடைவெளி உண்டாகும். அளவுகோல் போட்ட மெல்லிய கம்பியை உள்ளே விட்டு மருத்துவர் அதை அளப்பார். மூன்று மில்லிமீட்டர் வரை இயல்பு. நான்கு, ஐந்து என்றால் கவனம் தேவை. ஆறும் அதற்கு மேலும் என்றால் ஆழமான நோய். இத்தனையும் பெரும்பாலும் வலியே இல்லாமல் நடக்கும். சொத்தைப் பல் ராத்திரியில் எழுப்பிவிடும், அதனால் மறுநாளே கிளினிக்குக்கு வருவார்கள். ஈறு நோய் யாரையும் எழுப்புவதில்லை. வலி இல்லாததை நல்ல அறிகுறியாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அக்கா சொன்னதை நான் பொய் என்று சொல்ல மாட்டேன். அவர் உணர்ந்தது உண்மை. அதற்கு அவர் கண்டுபிடித்த காரணம்தான் தவறு. பல வருடக் காரை பற்களுக்கிடையில் ஒரே கட்டியாக உறைந்து, எலும்பு கரைந்த பற்களைக்கூட ஒன்றோடொன்று பிடித்து நிறுத்தியிருக்கும். அதை எடுத்ததும் எலும்பு ஏற்கெனவே போய்விட்டது என்ற உண்மை வெளியே தெரிகிறது. வீங்கியிருந்த ஈறு வற்றிச் சுருங்கும்போது பற்கள் நீளமாகத் தெரியும், நடுவே சந்துகள் தோன்றும், குளிர்ந்த தண்ணீர் கூசும். நோயாளிக்கு இதெல்லாம் மருத்துவர் செய்த சேதமாகத்தான் படும். சிகிச்சைக்கு முன்பே இப்படி ஆகும் என்று எடுத்துச் சொல்லாத மருத்துவர்கள்மீதும் இதில் பாதிப் பழி உண்டு. உண்மையில் சுத்தம் செய்து சில வாரங்களில் ஈறு இறுகும்போது பல பற்களின் ஆட்டம் குறையவே செய்யும். கூச்சமும் பெரும்பாலும் சில நாட்களில் அல்லது சில வாரங்களில் அடங்கிவிடும். எனாமல் தேய்ந்துவிடும் என்ற பயமும் வேண்டாம். இப்படிக் காரையை எடுக்கும் ஸ்கேலிங் கருவியின் முனை நுண்ணிய அதிர்வாலும் தண்ணீராலும் காரையை உடைத்துத் தள்ளுகிறது, முறையாகச் செய்தால் பல்லைச் செதுக்குவதில்லை.

மாத்திரை ஏன் பலிக்கவில்லை என்று கேட்கலாம். தண்ணீர்த் தொட்டிச் சுவரில் பிடித்த பாசியை நினைத்துக்கொள்ளுங்கள். மருந்து ஊற்றினால் மேலே கொஞ்சம் வெளுக்கும், தேய்த்தால்தான் போகும். பற்களில் உள்ள கிருமிகளும் அப்படி ஒரு பசைக்குள் ஒளிந்துகொண்டு வாழ்கின்றன. காரையை எடுக்காமல் மெட்ரோனிடசோல், அமாக்சிசிலின் போன்ற ஆன்டிபயாட்டிக் (கிருமிக்கொல்லி) மாத்திரைகளைச் சாப்பிட்டால் வீக்கம் சில நாள் அடங்கும், அவ்வளவுதான். சீழ் பரவுவது, காய்ச்சல், விரைவாக முற்றும் சில வகை ஈறு நோய்கள் என்று ஆன்டிபயாட்டிக் தேவைப்படும் இடங்கள் உண்டு. அதை முடிவு செய்ய வேண்டியவர் மருந்துக்கடைக்காரர் இல்லை.

உங்கள் கணவர் விஷயத்துக்கு வருகிறேன். அவர் ஈறில் ரத்தம் வராததற்குக் காரணம் அநேகமாக அந்தச் சிகரெட்டேதான். புகைபிடிப்பவர்களின் ஈறுகளில் ரத்தக் கசிவு குறைந்துவிடுகிறது. எச்சரிக்கை மணி அறுபட்டுப்போகிறது, நோயோ உள்ளே இன்னும் வேகமாக முற்றுகிறது. புகைபிடிப்பவர்களுக்கு ஈறு நோய் அதிகம், சிகிச்சைக்குக் கிடைக்கும் பலனும் குறைவு. புகையிலை மெல்லுபவர்களுக்கு அதை அடக்கிவைக்கும் இடத்தில் ஈறு கீழிறங்குவதையும் நாங்கள் அடிக்கடி பார்க்கிறோம். நீங்கள் போகும்போது அவரையும் கூட்டிப் போங்கள். ரத்தம் வரவில்லை என்பதை வைத்து அவர் நன்றாக இருக்கிறார் என்று சொல்லிவிட முடியாது.

"எனக்கு மட்டும் ஏன்" என்ற கேள்விக்கு இன்னொரு பதிலும் உண்டு. அதே லோவும் அவருடைய குழுவினரும் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் 480 ஆண் தொழிலாளர்களை 1970 முதல் 15 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். முறையாகப் பல் துலக்கும் வழக்கமோ பல் சிகிச்சையோ இல்லாதவர்கள் அவர்கள். எல்லோர் பற்களிலும் அழுக்கும் காரையும் இருந்தன, எல்லோருக்கும் ஈறு வீங்கியிருந்தது. ஆனால் நோய் எல்லோரிடமும் ஒரே வேகத்தில் போகவில்லை. ஏறக்குறைய 8 சதவீதம் பேருக்கு வேகமாக முற்றிப் பற்கள் விழுந்தன. 81 சதவீதம் பேருக்கு மெல்ல நகர்ந்தது. 11 சதவீதம் பேருக்கு ஈறு அழற்சியோடு நின்றுவிட்டது. (மருத்துவம் எட்டாத ஏழைத் தொழிலாளர்களை இப்படி வெறுமனே பார்த்துக்கொண்டிருக்கும் ஆய்வுக்கு இன்று யாரும் அனுமதி தர மாட்டார்கள், தரவும் கூடாது.) பரம்பரைக்கூறு, சர்க்கரை, புகையிலை போன்றவைதான் ஒருவர் இவற்றில் எந்தக் கூட்டத்தில் விழுகிறார் என்பதைப் பெரிதும் முடிவு செய்கின்றன. உங்களிடம் சர்க்கரை இருக்கிறது, அதுவும் கட்டுப்பாட்டில் இல்லாமல்.

இது இருவழிப் பாதை. 8.9 என்ற அளவில் சர்க்கரை இருந்தால் ஈறு கிருமியோடு போராடும் திறன் குறையும், புண் ஆறுவது தாமதமாகும். மறுபக்கம், வாயில் நாள்பட்ட அழற்சி இருந்தால் இன்சுலின் சரியாக வேலை செய்வதில்லை. ஈறுக்கு முறையான சிகிச்சை எடுத்துக்கொண்ட சர்க்கரை நோயாளிகளுக்கு மூன்று நான்கு மாதங்களில் எச்.பி.ஏ.1.சி. சராசரியாக 0.4 அளவுக்குக் குறைவதாகப் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் தெரிந்திருக்கிறது. சிறிய எண்தான். ஆனால் உணவிலும் மாத்திரையிலும் எடுக்கும் முயற்சியோடு இது சேரும்போது பயன் உண்டு. உங்கள் சர்க்கரை மருத்துவரிடம் ஈறு நோய் இருப்பதைச் சொல்லிவிடுங்கள். பாதத்தையும் கண்ணையும் பற்றிக் கேட்கும் பலர் வாயைப் பற்றிக் கேட்பதில்லை.

உங்கள் கடிதத்தில் இன்னொன்று என் கண்ணில் பட்டது, அம்லோடிபின். ரத்தக்கொதிப்புக்கான இந்த மாத்திரை சிலருக்கு ஈறைப் பருக்க வைக்கும். பற்களுக்கிடையில் ஈறு உருண்டு திரண்டு மேலேறி வரும், குறிப்பாக முன்பற்களில். வலிப்பு நோய்க்கான பெனிட்டாயின், உறுப்பு மாற்று சிகிச்சை செய்தவர்கள் சாப்பிடும் சைக்ளோஸ்போரின் ஆகியவையும் இதைச் செய்யும். உங்களுக்கு அப்படி இருக்கிறதா என்று நேரில் பார்த்துத்தான் சொல்ல முடியும். இருந்தால் மாத்திரையை மாற்றுவது பற்றி உங்கள் மருத்துவரிடம் பேசலாம். நீங்களாக ஒரு நாள்கூட நிறுத்த வேண்டாம்.

சிகிச்சை இப்படிப் போகும்: முதலில் எல்லாப் பற்களையும் சுற்றி அளவெடுத்து, எக்ஸ்ரேயில் எலும்பின் உயரம் பார்ப்பார்கள். பிறகு ஈறுக்கு மேலும் கீழும் காரையை அகற்றி வேரைச் சுத்தம் செய்வார்கள். பைகள் ஆழமாக இருந்தால் மரத்துப்போக ஊசி போட்டு, வாயைப் பகுதி பகுதியாகப் பிரித்து இரண்டு மூன்று நாட்களில் முடிப்பதுண்டு. இரண்டு மூன்று மாதம் கழித்து மறுபடி அளப்பார்கள். இந்த மறு அளவைப் பலர் தவறவிடுகிறார்கள், அதைத் தவறவிடாதீர்கள். பெரும்பாலான இடங்கள் அதற்குள் தேறியிருக்கும். தேறாத ஆழமான பைகளுக்கு மட்டும் ஈறை விலக்கிச் செய்யும் சிறு அறுவை சிகிச்சை தேவைப்படலாம். அதற்குச் சர்க்கரை கட்டுக்குள் இருப்பது நல்லது. போன எலும்பு, சில குறிப்பிட்ட வடிவக் குழிகளில் அறுவை சிகிச்சையால் ஓரளவு மீளுமே தவிர, பொதுவாகத் திரும்பி வருவதில்லை. மிச்சம் இருப்பதைக் காப்பாற்றுவதுதான் நோக்கம். அதன்பின் மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை பராமரிப்புச் சுத்தம். "ஒரு தடவை செய்துவிட்டேனே" என்பவர்களுக்கு நோய் திரும்பிவிடுகிறது.

லேசாக ஆடும் அந்த இரண்டு பற்களை உடனே பிடுங்கச் சொன்னால் சம்மதிக்காதீர்கள். சுத்தம் செய்து, தேவைப்பட்டால் பக்கத்துப் பற்களோடு உட்புறமாக மெல்லிய கம்பியோ நாரோ வைத்து இணைத்தால் அப்படிப்பட்ட பற்கள் பல வருடங்கள் உழைக்கும். எல்லாத் திசையிலும் ஆடி, மேலும் கீழும் அமுங்கும் பல்லைத்தான் பெரும்பாலும் எடுக்க வேண்டியிருக்கும்.

வீட்டில்: இரவுத் தேய்ப்புதான் முக்கியம். பிரஷ்ஷை ஈறின் ஓரத்தில் சாய்த்து வைத்து, சின்னச் சின்ன அசைவாக இரண்டு நிமிடம். பிரஷ்ஷின் நார்கள் பற்களுக்கிடையில் நுழைவதில்லை. சந்து விழுந்த இடங்களுக்கு மருந்துக்கடைகளில் கிடைக்கும் இடைப்பல் பிரஷ்ஷைப் பயன்படுத்துங்கள், உங்கள் சந்துக்கு எந்த அளவு பொருந்தும் என்று மருத்துவர் காட்டுவார். உமிக்கரி, செங்கல் பொடி, சொரசொரப்பான சிவப்புப் பல்பொடி எல்லாம் வேண்டாம், ஈறு இறங்கி வெளியே தெரியும் வேரை அவை அரித்துவிடும். ஆலங்குச்சி, வேப்பங்குச்சி மீது எனக்குப் பகை இல்லை, ஆனால் பற்களின் பின்புறத்தை அவற்றால் எட்டுவது கடினம், உங்கள் நோய் இருப்பதோ அங்கேதான். நல்லெண்ணெய் கொப்பளிப்பது பிடித்தால் செய்யுங்கள். காரையை அது கரைக்காது. குளோர்ஹெக்ஸிடின் மவுத்வாஷை மருத்துவர் எழுதித் தந்தால் இரண்டு வாரத்தோடு நிறுத்திவிடுங்கள். தொடர்ந்து போட்டால் பல் பழுப்பாகும், நாக்கில் சுவை மாறும். பேஸ்ட்டால் தேய்த்து அரை மணி நேரம் கழித்துப் பயன்படுத்தினால்தான் அதன் வேலை நடக்கும்.

தேய்க்காமலே ஈறில் ரத்தம் கசிந்து, உடலில் காரணமில்லாத ரத்தக்கட்டுகளோ காய்ச்சலோ சேர்ந்தால் அது வேறு நோயாக இருக்கலாம், உடனே ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். இரண்டு வாரம் தாண்டியும் ஆறாத வாய்ப்புண்ணையும் காட்டிவிட வேண்டும். கன்னமோ தாடைக்கு அடியிலோ வீங்கி, வாய் திறக்கவோ விழுங்கவோ சிரமமாக இருந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

செலவை நினைத்துத் தள்ளிப்போடாதீர்கள். மாவட்ட அரசு மருத்துவமனைகளில் பல் பிரிவு இருக்கிறது. பெரிய சிகிச்சை தேவைப்பட்டால் சென்னையிலும் சிதம்பரத்திலும் புதுக்கோட்டையிலும் அரசு பல் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. காலை நேரத்துக்கு முன்பதிவு செய்யுங்கள். வெறும் வயிற்றில் போகக் கூடாது: வழக்கம்போல் சாப்பிட்டு, சர்க்கரை மாத்திரையும் ரத்தக்கொதிப்பு மாத்திரையும் போட்டுக்கொண்டு போங்கள். மாத்திரைச் சீட்டுகள், கடைசி எச்.பி.ஏ.1.சி. அறிக்கை இரண்டையும் கையில் வைத்திருங்கள். ரத்தம் உறையாமல் இருக்க ஆஸ்பிரின் போன்ற மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறீர்கள் என்றால் அதை நீங்களாக நிறுத்தாமல், போனதும் முதலில் மருத்துவரிடம் சொல்லுங்கள்.